எனக்கு இன்னொரு ஐடி வேண்டாம்

அன்புள்ள கண்ணா,

"ஸ்டோரேஜ் ஃபுல்லா? விடும்மா, புதுசா ஒரு ஐடி போட்டுத் தர்றேன்" என்று நேற்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். வேண்டாம்ப்பா. இருப்பதையே கட்டி மேய்க்க முடியவில்லை.

என் பழைய கூகுள் ஐடி ஒன்று, அது நிரம்பியதும் நீ திறந்து கொடுத்தது ஒன்று, போன் மாற்றும்போது பாஸ்வேர்டு ஞாபகம் வராமல் அவசரத்துக்கு உன் தங்கை போட்டது ஒன்று, லேப்டாப்புக்காக ஒன்டிரைவ், நீ கொடுத்த பழைய ஐபோனுக்காக ஐகிளவுட். எல்லாவற்றிலும் போட்டோ, பைல் போட்டு வைக்க ஓசியில் இடம் கிடைக்கிறதே என்பது உன் கணக்கு. கூகுளில் 15 ஜிபி, மற்ற இரண்டிலும் ஐந்தைந்து. கூட்டிப் பார்த்தால் நிறையத்தான். ஆனால் அந்த 15 ஜிபி மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தானே? போட்டோ எவ்வளவு ஏற்றினாலும் கணக்கில் வராது என்றிருந்த சலுகையும் 2021 ஜூன் 1-ஓடு போய்விட்டது.

போன வாரம் நடந்ததைக் கேள். அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு அதன் லிங்க்கை எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தேன். லேப்டாப்பில் அதைத் தட்டினால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறது. போல்டரைப் போட்டதே நான்! பிரவுசரில் இரண்டு ஐடி உள்ளே இருக்கிறது, எது முதலில் நுழைந்ததோ அதன் பெயரில்தான் லிங்க் திறக்குமாம். இரண்டுக்கும் நீ என் அதே போட்டோவை வைத்திருக்கிறாய், மூலையில் இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்து எது எது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? சரி, அனுமதி கேட்போம் என்று அழுத்தினேன். அந்தக் கோரிக்கை மெயிலாக என்னுடைய இன்னொரு ஐடிக்குத்தான் போக வேண்டும். அந்த ஐடியோ நிரம்பிக் கிடக்கிறது, புது மெயில் எதுவும் உள்ளே வராது. என் வீட்டு வாசலில் நின்று நானே கதவைத் தட்டி, திறக்க ஆள் இல்லாமல் நான் முழிக்க, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "திறந்துச்சா, திறந்துச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பீரோவிலிருந்து காகித பைலைத்தான் எடுத்தேன்.

என்ன செய்யலாம் என்று நானே படித்துப் பார்த்துவிட்டேன், உன்னிடம் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்பாய். இரண்டு கூகுள் கணக்கை ஒன்றாகச் சேர்க்க வழியே கிடையாது. டேக்அவுட் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு கணக்கிலிருப்பதை மொத்தமாக இறக்கி இன்னொன்றில் ஏற்றலாம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். பழைய ஐடி ஒன்று போதும் எனக்கு, அதில் கூடுதல் இடத்துக்குக் காசு கட்டிவிடுவோம். ஆள் ஒருவர் கட்டினால் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேர் வரை அந்த இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், ஒருவர் பைலை மற்றவர் பார்க்க முடியாது. ஆகவே உன் ரகசியம் எதுவும் என்னிடம் வராது, பயப்படாதே. நீயும் உன் தங்கையும் ஆளுக்கொரு இடத்தில் தனித்தனியாகக் கட்டுகிறீர்களே, அதையும் இதோடு சேர்த்துவிடலாம்.

அப்புறம் இன்னொன்று, முகத்தைச் சுளிக்காமல் படி. இத்தனை மாதம் நான் கணக்கைத் தொடவில்லை என்றால் உனக்குத் தகவல் போகும்படி கூகுளில் அமைத்து வைக்கலாம், ஆப்பிளிலும் 2021 டிசம்பரிலிருந்து, நம் காலத்துக்குப் பிறகு கணக்கைத் திறக்க ஒருவரை நியமிக்க வழி இருக்கிறது. உன் பெயரைத்தான் போடப்போகிறேன்.

இதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், அவசரம் உன் தங்கை போட்ட அந்த ஐடிக்குத்தான். பாட்டி பேசிய வீடியோக்கள் அதில்தான் இருக்கின்றன. இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்கை கூகுள் அழிக்கலாம், 2023 டிசம்பரிலிருந்து அப்படித்தான் விதி. நாம் அதைத் திறந்து ரொம்ப நாளாகிறது. உள்ளே போகப் பார்த்தால் ஆறு இலக்க எண்ணை உன் பழைய மொபைலுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. அந்த சிம் இன்னும் உன்னிடம் இருக்கிறதா, விட்டுவிட்டாயா? அதை மட்டும் இன்றைக்கே சொல்.

அம்மா