சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கப் பொறுப்பாளர்களே, வணக்கம்.

பேச்சு தெளியாத பிள்ளை ஒரு பக்கம், பொத்தான் போடவும் பென்சில் பிடிக்கவும் தடுமாறும் பிள்ளை இன்னொரு பக்கம் என்று நம் பள்ளிகளில் பிரித்தே பார்க்கிறோம். பல நேரம் இரண்டும் ஒரே பிள்ளைதான். என் மகன் அப்படி. பேச்சு சிகிச்சைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம், கைக்கு வேறொன்று. இரண்டுக்கும் வெவ்வேறு நாளில் ஈப்போவுக்குப் போக வேண்டும். போகும் நாளெல்லாம் செம்பனைக் குலை வெட்டும் என் வீட்டுக்காரருக்குக் கூலி போச்சு.

பேச்சு அப்ராக்சியா என்ற பேச்சுக் குறைபாட்டில் நாக்கோ உதடோ பலவீனமாக இருப்பதில்லை. சொல்ல வேண்டியது பிள்ளைக்குத் தெரியும். எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்று மூளை வரிசைப்படுத்துவதில்தான் சிக்கல். அதனால் 'தண்ணி' ஒரு தடவை 'நன்னி', அடுத்த தடவை 'தத்தி' என்று மாறி மாறி வரும். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இந்த மாற்றத்தை. (ழகரம் வராததை விடுங்கள், அது தோட்டத்தில் பாதிப் பெரியவர்களுக்கே வராது.) ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்கே அப்ராக்சியா இருக்கும். பொத்தானுக்கும் பென்சிலுக்கும் தடுமாற வைக்கும் உடல் அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடோ நூற்றில் 5, 6 பேருக்கு உண்டு. 30 பேர் வகுப்பில் ஒருவரோ இருவரோ. அப்ராக்சியா உள்ள பிள்ளைகளிடம் இதுவும் சேர்ந்திருப்பது சகஜம். ஒன்றைக் கண்டால் மற்றதையும் தேட வேண்டும்.

நம் வீடுகளில் வசம்பு உரசித் தடவுவார்கள், 'அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்பார்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊதல் ஊதினால் பேச்சு வரும் என்பதற்கும் ஆதாரமில்லை. பேச்சு, பேசிப் பழகித்தான் வரும். அதுவும் கொஞ்ச நேரமாக, அடிக்கடி. மாதம் ஒரு சந்திப்பு எதற்குக் காணும்? அப்புறம், மலாயில் மட்டும் சோதித்தால், பிள்ளைக்கு மொழி தெரியவில்லையா, வாய் வரவில்லையா என்று எப்படிப் புரியும்?

பாலர் வகுப்பிலும் முதலாம் ஆண்டிலும் ஆசிரியர்கள் பேச்சையும் கைவேலையையும் ஒரே தாளில் எழுதித் தரட்டும். அதைக் கிளினிக்கில் காட்டி இரண்டு சந்திப்பையும் ஒரே நாளில் கேட்கலாம். மலாய் தடுமாறும் பெற்றோருடன் சங்கத்திலிருந்து யாராவது கூடப் போகட்டும். தினமும் 10 நிமிடம் பயிற்சிக்கு ஒரு வகுப்பறை திறந்திருக்கட்டும். தீபாவளி விருந்துக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.

ஆண்டுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். முன்மொழிய நான் தயார், வழிமொழிய ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாய்