பீரங்கிக் குண்டை 'வெடிமருந்து' என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆற்று மணலில் பீரங்கிக் குண்டு அகப்பட்டாலும், சோதனையில் தோட்டாக்கள் பிடிபட்டாலும், ராணுவம் ராக்கெட் வாங்கினாலும் உங்கள் தலைப்பில் வருவது 'வெடிமருந்து' ஒன்றுதான். அருள்கூர்ந்து இந்தப் பழக்கத்தை விடுங்கள்.

பீரங்கிக் குண்டில் வெடிமருந்து ஒரு பாகம் மட்டுமே. குழாயிலிருந்து குண்டைத் தள்ளுவது உந்துமருந்து. நீலகிரியிலுள்ள அருவங்காடு கார்டைட் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் அந்த வகை. எரிந்து வாயுவாகித் தள்ளும். இலக்கில் குண்டைச் சிதறடிப்பது உள்ளே அடைத்த வேறு மருந்து. அதைத் தூண்டுவது ஃபியூஸ். சுடும்போது உண்டாகும் அதிர்விலும் சுழற்சியிலும் ஃபியூஸின் காப்புப் பூட்டு விலகிவிடும். அதனால்தான் சுட்டும் வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டு, பெட்டியில் இருக்கும் புதுக் குண்டைவிட ஆபத்தானது. மேலே துரு ஏறினாலும் உள்ளே மருந்து உயிரோடிருக்கும்.

'பழைய வெடிமருந்து கண்டெடுப்பு' என்று படிக்கும் ஆடு மேய்ப்பவர், மழையில் நனைந்த பட்டாசு போல நமத்துப் போயிருக்கும் என்றுதான் எண்ணுவார். பழைய இரும்புக்குப் போடலாம் என்று தூக்குவார். 'வெடிக்காத பீரங்கிக் குண்டு. தொடாமல் விலகிப் போய்க் காவல்துறைக்குச் சொல்லுங்கள்' என்று எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்?

நீங்கள் 'வெடிமருந்து' என்று மொழிபெயர்க்கும் 'அம்யூனிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லும் மருந்தை மட்டும் குறித்ததல்ல. அரண் செய்வதைக் குறிக்கும் லத்தீன் சொல், பிரெஞ்சில் 'லா முனிசியோன்' ஆகி, தவறாகப் பிரிக்கப்பட்டு 'அம்யூனிஷன்' ஆனது. ஒரு காலத்தில் சிப்பாயின் ரொட்டியும் பூட்சும்கூட அந்தச் சொல்லுக்குள் அடங்கின. 'ஆர்டினன்ஸ்' இன்னும் மோசம். 'ஏற்பாடு' என்ற பொருளுள்ள ஒரே பிரெஞ்சுச் சொல்லில் பிறந்து, ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாட்டில் பிரிந்தவை படைக்கலமும் அவசரச் சட்டமும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. திருச்சி மக்கள் தங்கள் ஊர் 'ஆர்டினன்ஸ்' ஆலையைத் துப்பாக்கித் தொழிற்சாலை என்றே சொல்லிவருகிறார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் 'ஆர்டினன்ஸ்'?

ஒப்பந்தத் தொகையை இத்தனை கோடி என்று கவனமாகப் போடுகிறீர்கள். அந்தப் பணத்தில் வாங்கியது குண்டா, உந்துமருந்தா, ஃபியூஸா என்று சொல்வதில்லை. வரி கட்டுகிறவருக்கு அது தெரிய வேண்டாமா?

தோட்டாவைத் தோட்டா என்றும், கண்ணிவெடியைக் கண்ணிவெடி என்றும், எல்லாம் சேர்ந்த இடத்தில் மட்டும் படைத் தளவாடம் என்றும் எழுதுங்கள். என்ன பொருள் என்று தெரியாத நேரத்தில், அச்சேறுமுன் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படைக்கலத் துறை அறிந்த வாசகர்கள்