காரைக்குடி வட்டாரக் கடைக்காரர்களுக்கு: இனி புதுப் பை வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வணிகர் சங்கங்களில் பொறுப்பில் இருக்கிற அண்ணன்மார்களுக்கும், மளிகைக் கடை, ஜவுளிக் கடை, பலகாரக் கடை நடத்துகிற எல்லாருக்கும் வணக்கம்.

தீபாவளி, பொங்கல் வந்தால் கடைப் பேர் அச்சடித்த பையை வாடிக்கையாளருக்குக் கொடுப்பது நம்ம பக்கம் ரொம்ப நாள் வழக்கம். பாலிதீன் கவருக்குத் தடை வந்த பிறகு இது இன்னும் கூடிப்போச்சு. சிலர் காகிதப் பை கொடுக்கிறீர்கள், சிலர் கலர் கலராகக் கட்டைப்பை, சிலர் மஞ்சப்பை. நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்: இனிமேல் எந்தப் பையையும் சும்மா கொடுக்காதீர்கள். மஞ்சப்பையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மஞ்சப்பையைக் கொடுப்பதில் என்ன தப்பு, அரசாங்கமே 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் ஆரம்பித்ததே என்று கேட்பீர்கள். அந்த இயக்கம் எனக்கும் பிடித்ததுதான். அதில் முக்கியம் 'மீண்டும்' தூக்கிக்கொண்டு போவது, புதுசு புதுசாக அடித்துக் குவிப்பது இல்லை. பருத்திப் பை என்றால் மண்ணுக்குக் கேடில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பருத்தி விளைய எவ்வளவு தண்ணீர் இழுக்கிறது, எவ்வளவு உரமும் பூச்சிமருந்தும் போடுகிறார்கள், அப்புறம் நூற்பு, நெசவு, சாயம், அச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டும் தண்ணீரும் எவ்வளவு போகிறது என்பதைப் பை வாங்குகிற யாரும் பார்ப்பதில்லை. உலகச் சராசரியில் ஒரு கிலோ பருத்தித் துணிக்குச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஊருணியில் தண்ணீர் நிற்குமா நிற்காதா என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் வானத்தைப் பார்க்கிற சீமைக்காரர்கள் நாம், இதை நாம் யோசிக்காமல் யார் யோசிப்பது?

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒவ்வொரு வகைப் பையும் தயாராவதில் தொடங்கிக் குப்பைக்குப் போவது வரைக்கும் புவி வெப்பமாதலுக்கு எவ்வளவு காரணமாகிறது என்று கணக்குப் போட்டார்கள். ஒருமுறை சாமான் வாங்கிவிட்டு எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் கவரோடு ஒப்பிட்டால், காகிதப் பையை 3 தடவையாவது பயன்படுத்த வேண்டும், நாம் கட்டைப்பை என்கிற நான்-ஓவன் (நூலால் நெய்யாத) பாலிபுரோப்பிலீன் பையை 11 தடவை, பருத்திப் பையை 131 தடவை. அதற்கப்புறம்தான் அந்தப் பையால் லாபம். அந்தக் கவரையே வீட்டில் குப்பைக் கூடைக்குள் விரித்து இன்னொரு வேலை வாங்கிவிட்டால், பருத்திப் பைக்கான கணக்கு 327 ஆகிவிடுகிறது. வாரம் ஒரு தடவை கடைக்குப் போகிறவருக்கு 131 என்பது இரண்டரை வருஷம், 327 என்றால் ஆறு வருஷத்துக்கும் மேலே. டென்மார்க் அரசு 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 தடவை போதும், ஆனால் ஓசோன் படலத்துக்கு வருகிற கேடு உட்பட எல்லா அளவுகோலையும் சேர்த்தால் 7,100 தடவை என்கிறது. வாரம் ஒரு தடவை என்றால் நூறு வருஷத்துக்கு மேல் ஒரே பையைத் தூக்க வேண்டும்!

இந்த எண்களை அப்படியே நம்ம ஊருக்குப் பொருத்த முடியாது. அவர்கள் எடுத்துக்கொண்ட பருத்திப் பை 180 கிராமுக்கு மேல் கனம், நம்ம மஞ்சப்பை அவ்வளவு இருக்காது, அதனால் நமக்குக் கணக்கு இறங்கும். இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. டென்மார்க்கில் குப்பை தெருவில் கிடக்காது, அள்ளிக்கொண்டு போய் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், அதனால் கவர் காற்றில் பறந்து கால்வாயை அடைப்பதை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நமக்கோ அதுதான் முதல் கேடு.

நம்ம ஊர்களைக் கட்டியவர்கள் கூரையில் விழுகிற மழையை முற்றத்தில் இறக்கி, அங்கிருந்து தெருவோரக் காலுக்கு விட்டு, கடைசியில் ஊருணியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வற்றாத ஆறு கிடையாது, பெய்கிற மழையை விட்டால் வேறு வழி கிடையாது என்று தெரிந்து செய்த ஏற்பாடு. இன்றைக்கு ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் ஏதாவது ஓர் ஊருணியின் வரத்துக்கால் வாய்க்குப் போய்ப் பாருங்கள். கம்பித் தடுப்பில் கவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, நடுவில் வேப்பஞ்சருகும் மண்ணும் செருகி, ஒரு முழக் கனத்துக்குச் சுவர் மாதிரி நிற்கும். தண்ணீர் உள்ளே போகாமல் திரும்பி ரோட்டில் ஓடும். கையை விட்டு இழுத்தால் முழுசாகவும் வராது, பாதி கிழிந்து வரும், மீதி உள்ளேயே இருக்கும். வங்கதேசத்தில் 1988, 1998 வெள்ளங்கள் அவ்வளவு மோசமானதற்கு வடிகால்களை அடைத்த பாலிதீன் பைகளும் ஒரு காரணம் என்று கண்டு, 2002இல் அந்த நாடு மெல்லிய பாலிதீன் பையையே தடை செய்தது. மாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோறு ஒட்டியிருக்கிற கவரை மாடு அப்படியே தின்றுவிடுகிறது, அது செரிக்காமல் வயிற்றிலேயே சேர்ந்துகொண்டே போகிறது, வயிறு நிறைந்த மாதிரி இருப்பதால் தீவனம் எடுக்காமல் மெலிந்து சாகிறது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு ஊரே திரண்டு போகிற சீமையில் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

அதனால் பாலிதீன் கவர் தடையை நான் முழுசாக ஆதரிக்கிறேன். மேலே சொன்ன எண்களைக் காட்டி 'பார், கவரே மேல்' என்று யாராவது வாதம் பண்ணினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தடை வந்த 2019 ஜனவரி 1க்குப் பிறகும் மார்க்கெட்டுப் பக்கம் பூவுக்கும் கீரைக்கும் கவர் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, அது தனிச் சண்டை. நான் இந்த மடலில் கேட்பது, கவருக்குப் பதிலாக எதைக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றி.

முதலில் கட்டைப்பை. பார்க்கத் துணி மாதிரி இருப்பதால் நம்மில் பாதிப் பேர் துணி என்றே நினைத்து வாங்குகிறோம். கண்டாங்கிச் சேலை நெய்கிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நெடுக்கே ஓடுகிற பாவு நூலும் கிடையாது, குறுக்கே ஓடுகிற ஊடை நூலும் கிடையாது, புள்ளி புள்ளியாகச் சூடு வைத்து ஒட்டிய தடம்தான் தெரியும். ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டித் தீக்குச்சியைக் காட்டினால் துணி போலச் சாம்பலாகாது, உருகிச் சுருண்டு மணியாகக் கெட்டியாகும். பாலிபுரோப்பிலீன் அது, பிளாஸ்டிக்தான். தமிழ்நாடு 2019இல் தடை செய்த 14 பொருட்களில் நான்-ஓவன் பையும் உண்டு, இது தெரியாமலே பலர் கொடுக்கிறீர்கள். மட்டமான பை என்றால் கைப்பிடி ஒட்டு விட்டுப்போகும். மொட்டை மாடியில் கொஞ்ச நாள் வெயிலில் கிடந்தால் தொட்டதும் செதில் செதிலாக உதிரும், அந்தச் செதிலை எந்தத் துப்புரவுப் பணியாளராலும் கூட்டி அள்ள முடியாது.

காகிதப் பைக்கு வருகிறேன். மண்ணில் விழுந்தால் மக்கிவிடும், மாடு தின்றாலும் ஆபத்து குறைவு, இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த இங்கிலாந்து ஆய்வில் பிளாஸ்டிக் கவர் 8 கிராம், காகிதப் பை 55 கிராம். அவ்வளவு கூழ் காய்ச்ச வேண்டும், அவ்வளவு எடையை லாரியில் ஏற்ற வேண்டும். அதற்கப்புறம் அதில் ஒரு தடவை தயிர் பாக்கெட்டு வேர்த்தால் அடி விட்டுப்போகிறது, மூன்று தடவை எங்கே தூக்குவது? பழைய பேப்பரில் பை ஒட்டுகிறவர்களிடம் எனக்குக் குறையில்லை, ஏற்கெனவே ஒரு வேலை பார்த்த காகிதம்தானே. பருப்பு, மிளகாய்க்கு அது போதும். சூடான பஜ்ஜியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் மட்டும் அச்சு மை படிந்த பேப்பரில் மடிக்காதீர்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதற்கு நம்மிடம் வாழையிலையும் மந்தாரை இலையும் இல்லாமலா போச்சு?

அப்புறம் துணிப்பை. அண்ணன்மார்களே, செட்டிநாட்டில் எந்த வீட்டுக்கும் புதிதாகத் துணிப்பை தேவையில்லை என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒரு கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பை, அறுபதாம் கல்யாணத்துக்குப் போனால் ஒன்று, புதுமனை புகுவிழாவுக்கு ஒன்று, ஜவுளி எடுத்தால் இரண்டு. எந்த வீட்டு இரண்டாங்கட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய பை தொங்கும், அதற்குள் திணித்திருப்பதெல்லாம் பைகள்தான். மணமக்கள் பேரும் தேதியும் மங்கிப்போன பைகள், அந்த மணமக்களுக்கே பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். கிழியாமல் நல்ல தையலோடுதான் இருக்கும், ஆனால் கடைக்கு வருவதில்லை, ஏனென்றால் கடையில் போனால் ஒன்று கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 131 தடவை தூக்க வேண்டிய பை ஒரு தடவை தாம்பூலத்தைத் தூக்கிவிட்டு ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அடுத்த பையைக் கொடுக்கக் கொடுக்க, பழைய பைக்கு வேலை வரவே வராது.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன். எல்லாக் கடைகளும் சங்கத்தில் கூடிப் பேசி, ஒரே நாளில், பைக்கு விலை வையுங்கள். ஒரு கடை மட்டும் செய்தால் பக்கத்துக் கடைக்கு ஆள் போய்விடும் என்கிற பயம் நியாயமானது, அதனால்தான் தனித்தனியாகக் கேட்காமல் சங்கத்துக்கு எழுதுகிறேன். அயர்லாந்தில் 2002இல் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி வைத்தார்கள், பை வாங்குவதில் சுமார் 90 சதவீதம் குறைந்துபோனது. பணம் பெரிசில்லை, கல்லாவில் தனியாகக் கேட்கிறார்கள் என்பதே வீட்டிலிருந்து கிளம்பும்போது பையை ஞாபகப்படுத்திவிடும். அந்தக் காசைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள வேண்டாம், சங்கத்தில் சேர்த்து மழைக்கு முன்னால் ஊருணி வரத்துக்காலைத் தூர்வாரக் கொடுங்கள்.

கல்லாப் பக்கத்தில் ஒரு பெரிய கூடை வையுங்கள், வீட்டில் சும்மா தொங்குகிற பைகளை ஜனங்கள் கொண்டுவந்து போடட்டும், பை மறந்து வருகிறவர் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அடுத்த தடவை திரும்பப் போடட்டும். எடுத்தவர் எல்லாரும் திரும்பக் கொண்டுவர மாட்டார்கள், தெரியும். போனால் போகட்டும், ஆணியில் இருந்த பை தெருவில் நடமாட ஆரம்பித்ததே லாபம்தான். அழுக்குப் பையை மட்டும் வாங்காதீர்கள், துவைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். எண்ணெய்க்கும் கறிக்கும் மீனுக்கும் தூக்கு கொண்டுவருகிறவரை முகம் சுளிக்காமல், பாத்திரத்தின் எடையைக் கழித்து நிறுத்துக் கொடுங்கள். சில கடைகளில் தூக்கை நீட்டினால் வேலையாளுக்கு வருகிற சலிப்பைப் பார்த்தே அடுத்த தடவை வெறுங்கையோடு போகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பையனிடம் முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் மாறிவிடும்.

பலகாரக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. செட்டிநாட்டுப் பெரிய வீடு பார்க்கவும் ஆத்தங்குடித் தரைக்கல் பார்க்கவும் வருகிற வெளியூர்க்காரர்கள் கையில் பை இருக்காது, அவர்களுக்கு ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். கைமுறுக்கும் சீப்புச் சீடையும் வாங்குகிறவர்களுக்குப் பனையோலைக் கொட்டானை (சின்னக் கூடையை) விலை சொல்லி எடுத்துக் காட்டுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய நம்ம பொருள் அது, முடைகிற பெண்கள் நம்ம ஊர்ப் பெண்கள், வாங்கிப் போகிறவரும் எறிய மாட்டார், அலமாரியில் வைத்துக்கொள்வார். எல்லாருக்கும் சும்மா கொடுக்கிற பொருளாக மட்டும் அதை ஆக்கிவிடாதீர்கள், பின்னுகிறவருக்குக் கூலி கட்டாது.

கல்யாண வீட்டாரிடம் பேச வேண்டியது என் போன்றவர்கள் பொறுப்பு. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கை வருகிறவர் கொண்டுவந்த பையிலேயே போட்டுக் கொடுத்தால் மரியாதைக் குறைவு இல்லை என்று எங்கள் வீட்டிலிருந்தே சொல்ல ஆரம்பித்திருக்கிறேன், பெரியவர்கள் சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் இன்னும் இல்லை. தாம்பூலப் பை ஆர்டர் எடுக்கிற ஜவுளிக் கடைக்காரர்கள் நீங்களும் 'எத்தனை வேண்டும்' என்று கேட்பதற்கு முன்னால் 'வேண்டுமா' என்று கேளுங்கள்.

தீபாவளிக்குப் பை அச்சடிக்க ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் இதைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிற பைகளைத் துவைத்து, முதல் கூடைக்குக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் சாமான் வாங்கும் காரைக்குடிக்காரன்