தமிழில் எழுதச் சொல்லுங்கள், அளவோடு

இந்திய மருத்துவ முறை மருந்துகளுக்கு உரிமம் தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

‘ரத்தக் கொதிப்புக்கு மூலிகைப் பொடி’ என்று கடையில் விற்கும் டப்பா ஒன்று மேசைமேல் இருக்கிறது. முன்பக்கம் ‘பக்க விளைவு அற்றது’, கட்டைவிரல் பருமனில், தமிழில். பின்பக்கம் கடுகிலும் சிறிய ஆங்கில எழுத்தில் ‘கிளைசிரைசா கிளாப்ரா’. வேறொன்றுமில்லை, நம் அதிமதுரம்.

இருமலுக்கு அது நல்ல சரக்கு. கொதிப்புக்காரருக்கு ஆகாது. அதிலுள்ள கிளைசிரைசின், உடம்பில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். தொடர்ந்து தின்றால் அழுத்தம் ஏறும். நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவருக்குப் பொட்டாசியம் இரண்டு வழியிலும் போகும். கால் துவளும், நெஞ்சு படபடக்கும். ‘பொடி போதவில்லை’ என்று அவர் இன்னொரு கரண்டி கூட்டிக்கொள்வார். நாக்கில் வைத்ததும் அதிமதுரம் என்று சொல்லிவிடுகிற பாட்டிக்கும் அந்த லத்தீன் பெயர் புரியாது, ஐயா.

அந்தப் பட்டியலில் அடுத்தது சர்ப்பகந்தி வேர். அளவு போடவில்லை. 1952-இல் ரெசர்பின் என்ற கொதிப்பு மருந்தைப் பிரித்தெடுத்தது இந்த வேரிலிருந்துதான். அழுத்தத்தை இறக்கும், மறுக்கவில்லை. ஆனால் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். பொறுக்காமல் அளவைக் கூட்டினால் மூக்கடைப்பு, நாடி மந்தம், மனச்சோர்வு. நாடியைக் குறைக்கும் கொதிப்பு மாத்திரையான அட்டெனலால் சாப்பிடுபவருக்கு நாடி இன்னும் இறங்கும். எத்தனை மில்லிகிராம் உள்ளே போகிறது என்று தெரியாமல் மருத்துவர் எதைக் குறைப்பார்?

கடைசியில் இந்துப்பு. அதுவும் சமையல் உப்பைப் போலச் சோடியம் குளோரைடுதான்.

அளவைப் போட வேண்டும் என்று மருந்து விதிகளின் 161-ஆம் விதியே சொல்கிறது. அதோடு தமிழ்ப் பெயரையும், ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதையும், யார் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

ரத்த அழுத்தத்தைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்ற சட்டம் 1954-இலேயே வந்தது. காலையில் டிவியைப் போட்டால், ‘மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்’ என்கிறார்கள். எழுபது வயது தாண்டிய சட்டம். அதற்கும் கொதிப்பு வந்து படுத்துவிட்டதோ என்னவோ.

மன்னிக்கவும், குறை சொல்ல எழுதவில்லை. தமிழ்ப் பெயர், அளவு, எச்சரிக்கை இந்த மூன்றையும் தயவுசெய்து கட்டாயமாக்குங்கள். ‘அதிமதுரம் 500 மி.கி., ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி போதும். அப்படி எழுதினால் கொதிப்புப் பொடி என்று எப்படி விற்பது என்று கேட்பார்கள். அதற்காகத்தான் எழுதச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
மருந்துக்கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பவர்கள்