ஆடிக் குளிர்

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி, பேத்தியின் மொட்டை, சம்பந்தி வீட்டாரின் மனத்தாங்கல் எல்லாம் படித்தேன். அதற்கெல்லாம் அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "ஆப்பிரிக்காவில் ஏதுலே குளிர், சும்மா கதை விடாதே" என்று, அதற்கு முதலில் பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. குளிரில் ஏற்கெனவே சரியாக வருவதில்லை.

மணி பத்தாகிறது. முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு, தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு, மடியில் ஒரு பை நார்ச்சிப் பழத்தோடு எழுதுகிறேன். நம்மூர் கமலா ஆரஞ்சுதான், தோல் தளர்ந்து உரிக்கச் சுலபமாக இருக்கும். குளிர்காலம் வந்தால் தெருமுனைக்குத் தெருமுனை இதைத்தான் விற்பார்கள். காகிதத்தில் மஞ்சளாகக் கறை இருந்தால் அது பழச்சாறு, வேறொன்றும் இல்லை.

உள்ளதைச் சொன்னால் டர்பன் குளிர் பெரிய குளிரில்லை. பகலில் 22, 23 டிகிரி இருக்கும், ராத்திரி 11 பக்கம் இறங்கும். ஊட்டிக்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் அவன் வீடு குளிருக்கென்று கட்டியது. இங்கே வீடுகளைக் கோடைப் புழுக்கத்தை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். தரையெல்லாம் டைல்ஸ், ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று. அதனால் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் நடுங்குகிறது. காலையில் தெருவே வாசலுக்கு வந்து வெயில் காயும். பிள்ளைகளைப் பள்ளியில் விடப்போகும் தாய்மார்கள் கணுக்கால்வரை தொங்கும் கம்பளி கவுனோடும் பஞ்சுச் செருப்போடும் கார் ஓட்டிப் போவார்கள். திரும்பும்போது அதே கோலத்தில் கடையில் இறங்கி ரொட்டியும் பாலும் வாங்குவார்கள். வந்த புதிதில் ஊரில் ஏதோ காய்ச்சல் பரவியிருக்கிறது போல என்று பரிதாபப்பட்டேன். இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு கவுன் இருக்கிறது. ரோஜா நிறம். யாருடையது என்று கேட்காதே.

தேங்காய் எண்ணெய் ஜூன் மாதமே கட்டிவிட்டது. குளிக்குமுன் ஸ்பூன் காம்பால் தோண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருக்கித் தலையில் தேய்ப்பதற்குள் ஹீட்டர் தண்ணீர் ஆறிவிடுகிறது. அதைவிடப் பெரிய பாடு தோசைமாவு. ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் அரைத்தபடியே இருக்கிறது, ஒரு குமிழி கிடையாது. உன் தங்கச்சி செய்யாத வைத்தியமில்லை. சால்வையைச் சுற்றிப் பார்த்தாள். ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தாள். அது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் ராத்திரியெல்லாம் விளக்கு எரிவது அவளுக்கு மனசு ஒப்பவில்லை. போன வாரம் படுக்கப் போனால், எலெக்ட்ரிக் பிளாங்கெட்டில் என் பாதியில் மாவுப் பாத்திரம் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. "ஒரு ராத்திரிதானே, சோபாவில் படுங்கள்" என்றாள். விளக்குக்கு ஆகும் கரண்டு கணக்கு, இதற்கு ஆகும் கரண்டு கணக்கில்லை போலிருக்கிறது. காலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டிருந்தது. தோசை மொறுமொறுவென்று வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு மட்டும் கழுத்து திரும்பவில்லை.

இங்கே திசையெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது மாப்பிள்ளை. குளிர்காலத்து நடுப்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. வீடு வாங்குகிறவன் வடக்கே பார்த்த வீடா என்று கேட்டால் அது வாஸ்துவுக்காக இல்லை, இந்த மாதங்களில் வெயில் உள்ளே விழவேண்டும் என்பதற்காக. தெற்குச் சுவரில் பாசி பிடித்திருக்கும். எலும்பைத் துளைக்கிற காற்றும் தெற்கிலிருந்துதான் வருகிறது. அந்தப் பக்கம் அண்டார்டிகா வரைக்கும் வெறும் கடல். தென்றலைப் பாடிய நம் புலவர்களை ஜூலை மாதத்து ராத்திரியில் டர்பன் கடற்கரையில் ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்க்கவேண்டும். சூடான காற்று வேண்டுமென்றால் உள்நாட்டுப் பக்கம்தான் பார்க்கணும். டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பக்கத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று, இறங்க இறங்க அமுங்கிச் சூடாகிவிடும். 'பெர்க் காற்று' என்பார்கள். நடுக் குளிர்காலத்தில் திடீரென்று ஒருநாள் 30 டிகிரியைத் தாண்டவைத்துவிடும். குளிர் போய்விட்டது என்று அன்றைக்கு ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டவன் தொலைந்தான். அதன் பின்னாலேயே தெற்குக் காற்று கிளம்பி வரும்.

இந்த வருஷமும் சாளை வந்தது! இதை உனக்கு விவரமாகச் சொல்லவேண்டும், மீன் என்றால் நீ முழங்கால் வலியை மறப்பாய். தென்கோடியில் உள்ள கேப் பக்கத்துக் கடலிலிருந்து சாளைக் கூட்டம் ஜூன், ஜூலையில் கரையை ஒட்டி வடக்கே ஏறிவரும். தண்ணீர் சுமார் 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் வரும். அதனால் ஊரே எப்போது குளிரும், எப்போது குளிரும் என்று காத்திருக்கும். பின்னாலேயே சுறாவும் டால்பினும் துரத்திவரும், மேலே பறவைகள் செங்குத்தாகக் கடலுக்குள் விழும். குளிக்கிறவர்களுக்குக் காவலாகப் போட்டிருக்கும் சுறா வலைகளைக்கூட அந்த நாட்களில் எடுத்துவிடுவார்கள், துரத்தி வரும் பிராணிகள் அதில் சிக்கிச் சாகாமலிருக்க. ஸ்காட்பர்க், ஆமன்சிம்டோட்டி பக்கம் கரைவலை இழுக்கிறார்கள் என்று போனில் செய்தி வந்ததும் பாதி ஆபீஸ் காலியாகிவிடும். நான் போனபோது டை கட்டிய ஒரு மனிதர் ஷூவைக் கூடக் கழற்றாமல் அலைக்குள் இறங்கி, துள்ளத் துள்ள மீனை அள்ளிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். பை நிறைந்ததும் ஒரு நிமிஷம் நின்று யோசித்தார். அப்புறம் கோட்டையே கழற்றி மூட்டையாக்கிவிட்டார். அவர் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

முதலில் வரும் பெட்டிகளுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். கொஞ்சம் பொறுத்தால் தானாக இறங்கும். நம்மூர்ச் சாளைக்கு இது பெரியப்பா மகன், ஆள் கொஞ்சம் பெரிசு, முள் அதே முள். டர்பன் மசாலாவின் சிவப்பைப் பார்த்து நீ பயப்படுவாய். பயப்படாதே, புளியை நன்றாகக் கரைத்துவிட்டு மறுநாள் சாப்பிட்டுப் பார்.

இப்போது ஆடி விஷயம். பக்கத்து வீட்டில் ஓர் ஆயா இருக்கிறார். பாட்டிக்கு இங்கே பல வீடுகளில் ஆயா என்றுதான் பேர். எண்பதைத் தாண்டியவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேரன் பேத்திகளோடு பேசுவது ஆங்கிலம். என்னோடு மட்டும் பழைய தமிழ் பேசுவார், நம் ஆச்சிகள் பேசியது போல. ஆடி பிறந்ததும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். இங்குள்ளவர்கள் வாயில் அது 'பாரிஜ் பிரேயர்.' கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவு. முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள், அவர்களுக்கு எப்படிப் புளிக்கிறது என்று உன் தங்கச்சி பொறாமையோடு விசாரித்துவிட்டு வந்தாள். ஆயா வீட்டில் வேப்பிலைக்குப் பதில் மலைவேம்பு. அந்த மரம் குளிரில் இலை உதிர்த்துவிடும் என்பதால், ஆடி முடியும்வரை கீழ்க்கிளையில் மிஞ்சியிருக்கிற கொத்தை யாரும் தொடக்கூடாது என்று ஆயா தினமும் வாசலில் உட்கார்ந்து காவல் காக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பூசை. பூமி ஜில்லென்று இருக்கிறது, எல்லாரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள், ஆயா ஈரத்தலையோடு. எனக்குப் பல் தந்தி அடிக்கிறது. நம்மூரில் வெயில் காலம் முடிந்தும் முடியாமலும் இருக்கிற சமயம், சூட்டுக்குக் கூழ் குடிக்கிறோம், அம்மை வராமலிருக்க வேண்டுகிறோம், அது சரி. இந்தக் குளிரில் எதற்கு ஆயா குளிர்ச்சியான கூழ் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மாவுக்குத்தானே தம்பி குளிரணும், நமக்கா?"

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அதே யோசனைதான். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது 1860 நவம்பர் 16-ல். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். நவம்பர் என்றால் இங்கே கோடை தொடங்கும் நேரம், வெக்கையைப் பார்த்து நம் ஊர் போலத்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வருஷம் ஆடி வரும்போது குளிர் வந்திருக்கும். அவர்கள் மாதத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம், கேட்க யார் இருந்தார்கள்? மாற்றத் தெரியாதவர்களும் இல்லை. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய கூட்டம் கூடுவது புனித வெள்ளியன்று. தோட்டத்தில் லீவு கிடைத்த நாளுக்கு அம்மனும் ஒத்துக்கொண்டாள் என்று இங்கே சொல்வார்கள். ஆனால் ஆடியை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. பொங்கலும் அப்படியே, நடுக்கோடையில் வியர்வை சொட்டச் சொட்டப் பொங்கல். எனக்கென்னவோ இதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. லீவு முதலாளி கொடுப்பது, அதற்குத் தக்கபடி வளையலாம். ஆடியும் தையும் யாரும் கொடுத்தவை இல்லையே.

குளிர் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதையை நாம் பள்ளியில் படித்தோம், ஞாபகமிருக்கிறதா? 1893 ஜூன் 7. ஜூன் என்றால் நமக்குப் பள்ளி திறக்கிற மாதம், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற மாதம். அந்த நினைப்போடுதான் நான் படித்தேன், நீயும் அப்படித்தான் படித்திருப்பாய். அந்தப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் இங்கிருந்து 80 கிலோமீட்டர் போல, மேட்டு நிலம், டர்பனைவிட நன்றாகக் குளிரும். ஒரு ஜூன் மாதம் அங்கே ஒரு வேலையாகப் போனவன், சாயங்காலம் அந்தச் செங்கல் ஸ்டேஷனுக்குப் போனேன். இறக்கிவிட்ட இடத்தைச் சொல்லும் பலகை பிளாட்பாரத்தில் இருக்கிறது. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. காலடியிலிருந்து குளிர் ஏறுகிறது. என் மேல் இரண்டு ஸ்வெட்டர். அவருடைய மேல்கோட்டு பெட்டிக்குள் இருந்தது, பெட்டி ரயில்வேக்காரர்கள் வசம். கேட்டால் இன்னொரு தடவை அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலே ராத்திரி முழுவதும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தள்ளிவிட்டதைத்தான் எல்லாரும் சொல்கிறோம். எனக்கு அந்தக் கோட்டுத்தான் பெரிதாகப் படுகிறது. கைக்கெட்டுகிற தூரத்தில் சொந்தக் கோட்டு, கேட்க வாய் வரவில்லை. இந்த ஊரில் ஒரு ராத்திரி குளிரில் நின்று பார்க்காதவனுக்கு அது புரியாது மாப்பிள்ளை.

சரி, கனமாகப் போகிறது. பனிக்கு வருகிறேன். டர்பனில் பனி விழாது, ஆனால் மலைப்பக்கம் விழும். ஜொஹானஸ்பர்க்கில்கூட 2023 ஜூலையில் விழுந்தது, 2012-க்கு அப்புறம் அப்போதுதான். மலையில் பனி என்று கேட்டால் இங்குள்ளவர்கள் பிரியாணிச் சட்டியோடு காரில் கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஆபீஸ் பையன் ஒருவன், அம்மா பார்த்ததே இல்லை என்று ஐஸ் பெட்டி நிறையப் பனியை அள்ளிக்கொண்டு வந்தான். வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு வீடு சேரும்போது பாதிக்குமேல் தண்ணீர், நடுவில் புல்லும் மண்ணுமாக ஒரு கட்டி. அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதற்கா இவ்வளவு பெட்ரோல்?" என்றாராம்.

உன் சம்பந்தி விஷயம். பந்தியில் முதலில் யாரை உட்காரவைத்தார்கள் என்பதெல்லாம் ஒரு சண்டையா? நீயே போய்ப் பேசு. போகும்போது கையில் ஏதாவது இனிப்பு கொண்டுபோ, உன் வாயை மட்டும் நம்பிப் போகாதே. முழங்காலுக்கு டாக்டர் சொன்னபடி நடக்கிறாயா, இல்லை மார்க்கெட் டீக்கடைவரை போய்விட்டு அதை நடை என்று கணக்குக் காட்டுகிறாயா?

டிசம்பரில் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வா, லீச்சிப் பழம் கிடைக்கும். ஆனால் கடற்கரையில் கால்வைக்க இடமிருக்காது, திருப்பாவையை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பாடவேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் அடுத்த ஜூலைக்கே வா, சாளைக்குச் சாளையும் ஆயிற்று, கூழுக்குக் கூழும் ஆயிற்று. உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவா. கறிவேப்பிலை, நாற்று, விதை ஒன்றும் வேண்டாம், விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கறிவேப்பிலை இங்கே வீட்டுக்கு வீடு மரமாக நிற்கிறது. விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டுமென்று உன் மகளிடம் பார்க்கச் சொல், அழைப்புக் கடிதம் தேவையென்றால் எழுது, அனுப்புகிறேன். இரண்டு மாதத்தில் எதுவென்று முடிவு சொல்லிவிடு, நானும் லீவு சொல்லவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்