மூன்றாவது பாட்டைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னாள். காலையில் வெறும் வயிற்றோடு ஸ்டூடியோவுக்குப் போகாதே. காதுக்கு அடைப்பு வைத்துக்கொள்கிறாயா? டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்கிறவன் நீ.

உங்கள் இசைக்குழுவின் ஒன்பது பாட்டையும் அனுப்பி மூன்று வாரம் ஆயிற்று, அப்பா ஒன்றும் சொல்லவில்லையே, பிடிக்கவில்லையா என்று அம்மாவிடம் கேட்டாயாம். அப்படி நினைக்காதே. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாலு தடவை முழுசாகக் கேட்டுவிட்டேன்.

உங்கள் பழைய வாசிப்பு எனக்குத் தெரியும். இங்கே சிங்கப்பூர் எஸ்பிளனேட் வெளியரங்கில் நீங்கள் வாசித்த அன்று நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தேன். உன்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கு நாலு பேரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு போனீர்கள். இப்போது அது போய்விட்டது. ஐந்தாவது பாட்டில் டிரம்ஸ் தம்பி பாதிப் பாட்டு வரைக்கும் கையே வைக்காமல் காத்திருக்கிறான். அப்புறம் தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குகிற அந்தத் தடக் தடக் மட்டும் வருகிறது. முதல் பாட்டில் கித்தாரில் கேட்ட நாலு சுரம், கடைசிப் பாட்டில் கீபோர்டில் மெதுவாகத் திரும்பி வந்ததும் நான் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஒரே ரயில் கதையை ஒன்பது பாட்டில் சொல்லப்போகிறேன் என்று நீ வந்து நின்றபோது, யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று கத்தினேன். அது தப்பு. ஆனால் வேலையை விட்டது பற்றி என் மனசு மாறவில்லை. இரண்டு வருஷமாக உன் சிபிஎஃப் சேமநிதிக் கணக்கில் ஒரு காசு ஏறவில்லை.

சரி, சொல்ல வந்தது அது இல்லை.

2011 ஜூன் 30 ராத்திரி புக்கித் தீமா ஸ்டேஷனில் உன்னைக் கூட்டத்தில் நிறுத்தினேனே, தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் ஓட்டிக்கொண்டு போனாரே, நீ கைபேசியில் பிடித்த அந்த ஹாரன்தான் முதல் பாட்டு. அதில் குறை இல்லை. மூன்றாவது பாட்டில்தான் தாத்தா தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தம்பி, தாத்தா டிக்கெட் கிளார்க் இல்லை. கிராஞ்சி ரோட்டில் கேட் காவல். ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடித்தால் ஓடிப்போய் கேட்டைச் சாத்தி, ரயில் போகும் வரை பச்சைக் கொடியோடு நிற்பார். மழையிலும் அதே இடம்தான். கிளார்க் என்று உனக்குச் சொன்னது நான். அதற்கு முன்னால் என் பள்ளிக்கூடத்தில் சொன்னதும் நான்தான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அவருக்கு டிபன் கேரியர் கொண்டுபோயிருந்தேன். கேட் சாத்தியிருந்தது. எங்கள் பள்ளிப் பேருந்து வந்து நின்றது, ஜன்னலெல்லாம் என் வகுப்புப் பையன்கள். தாத்தா கொடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் கேரியரைக் குடிசை ஓரத்தில் வைத்துவிட்டு, யாரோ போல மறுபக்கம் நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

நம் வீட்டுப் பாம் ஷெல்டர் அறையில் இருக்கிற விளக்கைப் பார்த்து, டிக்கெட் விற்கிறவருக்கு எதற்குச் சிவப்புக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி என்று சின்ன வயதில் நீ கேட்டாய். யாரோ கொடுத்தது என்றேன். அது அவர் விளக்கு. கைப்பிடிக் கம்பி நடுவில் தேய்ந்து மெலிந்திருக்கும், அவர் விரல் பட்ட இடம்.

எல்லாம் முடிந்தது, மாஸ்டரிங் என்கிற கடைசி ஒலிச் சீரமைப்பு மட்டும்தான் பாக்கி என்று எழுதியிருந்தாய். நீதானே சொன்னாய், பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் பாட்டுகளை 1972 ஜனவரியிலிருந்தே மேடையில் வாசித்து வாசித்துத் திருத்தி, 1973 மார்ச்சில்தான் வெளியிட்டார்கள் என்று. அவ்வளவு நாள் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உன் நண்பர்களிடம் சொல்லி ஒரு பாட்டுக்கு நீயும் எடுத்துக்கொள். ஸ்டூடியோ வாடகை நான் தருகிறேன். கோபம் வந்தால் என்மேல் காட்டு, பையன்கள்மேல் காட்டாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. காதை மறந்துவிடாதே.

விளக்கை உன் பழைய சட்டைகளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், நாளைக்கு அஞ்சலில் போடுவேன். கண்ணாடியைத் திருப்பும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், மைக் வைத்துப் பிடித்துப் பார். கேட்டைப் பற்றி என்ன கேட்க வேண்டுமானாலும் போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அப்பா