மார்ச் கூடுகை: ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் ஒளிப்படக் குழுவின் இம்மாதக் கூடுகை 15.03.2026, ஞாயிறு மாலை 5 மணிக்கு வழக்கமான மாடி அறையில் நடைபெறும்.

1804இல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் ஹான்ஃப்ஸ்டேங்கல், டிரெஸ்டன் ஓவியக் கூடத்தின் படைப்புகளைப் பல ஆண்டுகள் கல்லச்சில் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் முறை) படியெடுத்துப் பெயர் பெற்றபின், ஐம்பதை நெருங்கும் வயதில்தான் மியூனிக்கில் ஒளிப்பட ஸ்டுடியோ திறந்தார். 1855 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரே உருவப்படத்தைத் திருத்தாமலும், நெகட்டிவிலேயே திருத்தியும் காட்சிக்கு வைத்தார். கண்ணாடி நெகட்டிவில் முகச்சுருக்கம் வெளிறிய கோடாகத் தெரியும். அதைப் பென்சிலால் மெல்ல நிரப்பினால், அச்சில் அந்தச் சுருக்கம் மறைந்துவிடும். (நம் கைபேசிச் செயலிகள் இன்று பெருமையடித்துக்கொள்வதும் இதற்குத்தான்!)

1. வீட்டிலுள்ள பழைய ஸ்டுடியோ படம் ஒன்றைக் கொண்டுவரவும்.
2. நெகட்டிவ் இருந்தால் உறையிலிருந்து எடுக்காமல் அப்படியே கொண்டுவரவும். பென்சில் தடம் இருக்கிறதா என்று விளக்கொளியில் சேர்ந்து பார்ப்போம்.
3. இருக்கைகள் குறைவு என்பதால், வருவோர் வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிலிடவும்.
4. அதுவரை வாழ்த்துப் படங்களைத் தவிர்க்கவும். சென்ற முறை பதில்கள் அவற்றுக்குள் புதைந்துபோயின.